அழுகுரல் அமர்க்களமான கதை

"ஹாப்சன்-ஜாப்சன்!"

கேட்டால் இரண்டு வெள்ளைக்காரர்களின் பெயர் போல இருக்கிறது அல்லவா? ஆனால், ஹாப்சன் என்றும் ஆள் இல்லை; ஜாப்சன் என்றும் ஆள் இல்லை! கூச்சல், ஆரவாரம், அமர்க்களம் என்பதைக் குறிக்க, இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் வேடிக்கையாக வழங்கிய சொல் இது.

இந்தச் சொல் பிறந்த விதம் வேடிக்கையானது அல்ல.

துக்க நாள்

கி.பி. 680-ம் ஆண்டு, மொகரம் மாதம் 10-ம் நாள். நபிகள் நாயகத்தின் பேரர் ஹுசைன், கர்பலா என்ற இடத்தில் கொல்லப்பட்டார். கர்பலா, இன்றைய ஈராக் நாட்டில் உள்ளது.

ஆண்டுதோறும் அந்த நாளில் ஷியா முஸ்லிம்கள் கறுப்பு உடை அணிந்து ஊர்வலம் போகிறார்கள். மாரடித்துக் கொண்டு, "யா ஹசன்! யா ஹுசைன்!" என்று கதறுகிறார்கள். ஹசன் என்பவர் ஹுசைனின் அண்ணன்.

சென்னை அண்ணா சாலையில் உள்ள ஆயிரம் விளக்கு மசூதி எல்லோருக்கும் தெரியும். மொகரம் துக்கக் கூட்டத்துக்காக ஆற்காட்டு நவாப் குடும்பத்தார் கட்டிய மண்டபம் முன்பு அங்கே இருந்தது. அதில் ஆயிரம் விளக்குகள் ஏற்றப்பட்டதால், அந்தப் பகுதிக்கே அந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

காது செய்த கோளாறு

இந்த ஊர்வலங்களை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பார்த்தார்கள். அவர்களுக்கு அர்த்தம் புரியவில்லை. "யா ஹசன்! யா ஹுசைன்!" என்ற கதறல், அவர்கள் வாயில் "ஹாப்சன்-ஜாப்சன்" ஆகிவிட்டது. அழுகுரல், அமர்க்களத்தின் பெயராக மாறியது!

1886-ல் இதே பெயரில் ஓர் அகராதி லண்டனில் வெளிவந்தது. இந்தியாவில் ஆங்கிலேயர்கள் பேசிய சொற்களின் தொகுப்பு அது. எழுதியவர்கள் இருவர். ஒருவர் ஹென்றி யூல். மற்றவர் பர்னல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அகராதி வெளிவரும் முன்பே, 1882-ல் பர்னல் இறந்துவிட்டார்.

நமது கட்டுமரமும் சுருட்டும் கறியும் அதில் இடம் பெற்றன. மிளகுத் தண்ணீர் 'முல்லிகட்டானி' ஆகியிருந்தது!

நாமும் விட்டோமா?

அயல்மொழிச் சொல்லைத் தன் வாய்க்கு ஏற்ப மாற்றுவது எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். மயிலாப்பூர் அருகே பக்கிங்காம் கால்வாய் மீது 'ஹாமில்டன் பாலம்' இருந்தது. மக்கள் வாயில் அது 'அம்பட்டன் பாலம்' ஆயிற்று. அது முடிதிருத்துவோரைக் குறிக்க அந்நாளில் வழங்கிய சொல். அதை ஆங்கிலேயர்கள் மீண்டும் மொழிபெயர்த்து, 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்றார்கள்! பாவம் ஹாமில்டன்! அவர் பெயர் போன இடமே தெரியவில்லை.

சொல்லை இரட்டிப்பதும் நமக்குப் புதிதல்ல. 'கன்னாபின்னா' என்கிறோம். 'காபி கீபி' என்கிறோம்.

பாலத்தின் பெயர் மாறினால் சிரித்துவிட்டுப் போகலாம். ஒருவருடைய துக்கத்தின் பெயர் மாறினால்?

அர்த்தம் தெரியாத காதுக்கு அழுகையும் கூச்சலாகவே கேட்கும். பக்கத்துத் தெருவில் சத்தம் கேட்டால், "என்ன அமர்க்களம்?" என்று முகம் சுளிப்பதற்கு முன், "என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டறிவது நல்லது.