மாமியாரின் இரண்டு நாள் பத்தியம்!



என் மாமியாருக்கு வயது 66. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. மாதா மாதம் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்ப்போம். எப்போதும் 110, 115 என்றுதான் வரும். 'எங்க அத்தை மாதிரி வாயைக் கட்ட யாராலும் முடியாது' என்று அக்கம்பக்கத்தில் நானே பெருமை அடித்திருக்கிறேன்.

போன தை மாதம் செருப்பு கடித்து அவர் கால் விரலில் புண். ஒரு மாதமாகியும் ஆறவில்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, வழக்கமான டெஸ்டோடு ஹெச்பிஏ1சி என்று ஒன்றும் எழுதிக் கொடுத்தார். மூன்று மாத சர்க்கரை டெஸ்ட் என்பார்களே, அதுதான். வெறும் வயிற்றில் 112. இதில் 9.4 சதவீதம்! ரத்தத்தை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று லேபில் சண்டைக்கே போய்விட்டேன். வீட்டிலோ என் கணவர், "நீ என்னத்த ஆக்கிப் போடறே?" என்று என் மேல் பாய்ந்தார். அன்று ராத்திரி நான் சாப்பிடவே இல்லை.

மறுநாள் அத்தையோடு போய் டாக்டரம்மாவிடம் கேட்டேன். ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் இருக்குமாம். அதிலுள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினது அந்த அணு அழிகிற வரைக்கும் போகாது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். 7 என்றால் சராசரி 154. எங்கள் அத்தையின் 9.4-க்கு 220-க்கும் மேல்!

"கரண்ட் கணக்கு எடுக்க வர்ற அன்னிக்கு ஃபேனை நிறுத்தினா மீட்டர் இறங்கிடுமாம்மா?" என்று கேட்டார். அத்தை தலையைக் குனிந்துகொண்டார்.

டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் கேப்பைக் கூழும் மோரும்தான். அந்த வாரம் மட்டும் மாத்திரை ஒழுங்கு. மற்ற நாளில் சீனி போட்ட டீ, பேரன் வாங்கி வரும் பன். "கூட வந்தா பையன் திட்டுவானேன்னு பயம்" என்றார். அவரை மட்டும் சொல்வானேன்? அந்தக் கூழைக் காய்ச்சிக் கொடுத்ததே நான்தான். நல்ல ரிசல்ட் வந்தால் வீட்டில் சத்தம் இருக்காதே என்று நானும்தான் இருந்துவிட்டேன்.

இந்த டெஸ்டுக்கு வெறும் வயிறு வேண்டியதில்லை. எந்த நேரமும் எடுக்கலாம். 5.7-க்குக் கீழ் இருந்தால் சர்க்கரை இல்லை, 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை வியாதி. வியாதி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு 7-க்குள் வைக்கச் சொல்கிறார்கள். வயதானவர்களுக்குக் கொஞ்சம் தளர்த்துவார்கள். அத்தைக்கு 8 என்று சொல்லியிருக்கிறார். ரத்தசோகை இருந்தாலோ, சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ இந்தக் கணக்கு கூடக் குறையக் காட்டும். நம்மில் பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கிறதே, அதனால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சராசரிதானே, திடீரென்று சர்க்கரை இறங்குவது இதில் தெரியாது. அதற்கு விரலில் குத்திப் பார்க்கிற டெஸ்ட் வேண்டும்.

இப்போது டெஸ்டுக்கு முந்தின நாளும் எங்கள் வீட்டில் அதே சாப்பாடுதான். மாத்திரையை நான் கையில் கொடுத்து, விழுங்கின பிறகுதான் நகர்கிறேன். புண் ஆறிவிட்டது. மூன்று மாதம் கழித்து எடுத்ததில் 8.1 வந்தது. என் கணவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அவருக்கும் 42 ஆகிறது. அடுத்த முறை அவரையும் இழுத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன்.

- ஒரு வாசகி, விருதுநகர்.