கடன் கொடுத்தார்கள், காப்பு யார் கொடுப்பது?

ஒரு கிலோ தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்க ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா போதும். பழகிய கை அதையும் கொஞ்சம் குறைத்துத்தான் போடும். தராசு பிசகி 200 கிராம் விழுந்துவிட்டால், மிச்ச சோடா சோப்புக்குள்ளேயே தங்கிவிடும். பார்த்தாலும் தெரியாது, முகர்ந்தாலும் தெரியாது. வாங்கிப் போன வீட்டில் குழந்தையின் தோல் சிவந்து எரியும்போதுதான் தெரியும்.

அன்றைக்கு அந்தச் சோப்பைச் செய்த பெண்ணின் கதி என்ன?

குப்பைமேனி, வேம்பு, ஆவாரம்பூ என்று இன்று பல ஊர்களில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் சோப்பு தயாரிக்கின்றன. பட்டியலினப் பெண்கள் பலருக்குக் கூலி வேலையிலிருந்து வெளியே வர இது ஒரு வழி. பயிற்சி உண்டு. தாட்கோ கடன் உண்டு. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியமும் உண்டு. ஆனால், செய்த பொருளால் பிறருக்குத் தீங்கு நேர்ந்தால் யார் பணம் கட்டுவது என்ற கேள்வி மட்டும் பேசப்படுவதே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளால் ஏற்படும் தீங்குக்கு உற்பத்தியாளர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, பயன்படுத்தும் முறையையோ எச்சரிக்கையையோ சரியாக எழுதாதது, கொடுத்த உறுதிமொழிக்குப் பொருள் மாறாக இருப்பது ஆகிய எல்லாமே இதில் அடங்கும். கடையில் சோப்புக் கட்டி வாங்கி, உருக்கி ஊற்றி விற்பவர்களும் தப்ப முடியாது. பிறர் செய்த பொருளில் தன் பெயரை ஒட்டுகிறவரும் சட்டத்தின் பார்வையில் உற்பத்தியாளர்தான்.

இதில் கவனிக்க வேண்டியது உறுதிமொழி. ‘சொறி சிரங்கு ஏழு நாளில் போகும்’ என்று உறையில் அச்சடித்துவிட்டு, போகவில்லை என்றால், ‘நான் அஜாக்கிரதையாக இல்லை’ என்ற வாதம் எடுபடாது. நோய் தீரும் என்று சொல்லிவிட்டால் அது அழகுசாதனப் பொருள் என்ற வரம்பைத் தாண்டி மருந்துச் சட்டத்துக்குள்ளும் போய்விடும்.

தனியாள் பெயரில் நடக்கும் தொழிலில் கடைப் பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. இழப்பீட்டுக்கு நகையும் சேமிப்பும் பதில் சொல்ல வேண்டிவரும். மூன்று தலைமுறை கூலிக்குப் பிறகு சேர்ந்த முதல் சேமிப்பு அதுவாக இருக்கலாம்.

எந்தக் காப்பீடு?

‘வங்கியில் கடன் வாங்கும்போதே இன்சூரன்ஸ் போட்டாச்சே’ என்பார்கள். அதைப் பிரித்துப் படியுங்கள். 2021 ஏப்ரல் முதல் உள்ள பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா போன்ற பாலிசிகள் கொட்டகை, இயந்திரம், சரக்கு ஆகியவற்றைத் தீ, புயல், வெள்ளத்திலிருந்து காக்கும். அது உங்கள் சொத்துக்கு. உங்கள் சோப்பால் பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டிய இழப்பீட்டுக்குத் தனியாக ஒரு பாலிசி இருக்கிறது. ‘புராடக்ட் லயபிலிட்டி’ என்று கேளுங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உட்பட நான்கு பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. விசாரிப்பதை அங்கிருந்தே தொடங்கலாம். விற்றுமுதல், கேட்கும் தொகை, எங்கே விற்கிறோம் என்பதைப் பொறுத்துப் பிரீமியம் மாறும்.

கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஒரு சம்பவத்துக்கு எவ்வளவு, ஒரு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு? முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை என்ன? வக்கீல் செலவு சேருமா? எந்தத் தேதிக்குப் பிறகு நடந்தவை சேரும்? பாலிசி நடப்பில் இருக்கும்போது வந்த புகாருக்குத்தான் இவ்வகைப் பாலிசிகள் பொதுவாகப் பணம் தரும். இடையில் ஒரு வருடம் விட்டால் பழைய சரக்குக்கும் காப்பு போய்விடும்.

இன்னொன்று: தெரிந்தே சட்டத்தை மீறியவருக்குக் காப்பீடு கை கொடுக்காது. குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள். 2020ஆம் ஆண்டு விதிகளின்படி உற்பத்திக்கு உரிமம் வேண்டும். ஆகவே முதலில் உரிமம், பிறகு பாலிசி. ஒவ்வொரு வார்ப்புக்கும் எண், தேதி, எண்ணெய் எடை, சோடா எடை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வழக்கு வந்தால் அந்த நோட்டுதான் முதல் சாட்சி.

புகார் வந்தால் பதறி, ‘தப்புதான், பணம் தருகிறோம்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். பாதிக்கப்பட்டவரை மருத்துவமனைக்கு அனுப்ப உதவுங்கள். அன்றே காப்பீட்டு அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்றால் பாலிசி கைவிடும். பட்டியலினத்தவருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

உண்மையான புகார் வேறு. ‘காலனிக்காரர்கள் செய்த சோப்பை வாங்காதே’ என்று ஊரைத் திருப்புவது வேறு. முன்னதற்குக் காப்பீடு. பின்னது பொருளாதாரப் புறக்கணிப்பு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அது குற்றம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அம்பேத்கர் கேட்டது

1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில் அம்பேத்கர், காப்பீடு அரசின் கையில்தான் இருக்க வேண்டும், வயது வந்த ஒவ்வொருவரும் கூலிக்கு ஏற்ப ஆயுள் காப்பீடு எடுப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும் என்றார். பாதுகாப்பு என்பது வசதி படைத்தவருக்கு மட்டும் உரியதல்ல என்பதே அதன் சாரம். ஆயுள் காப்பீடு 1956இலும் பொதுக் காப்பீடு 1973இலும் அரசுடைமையாயின.

அந்த வழியில் இன்று ஒரு சிறிய கோரிக்கை வைக்கலாம். தொழில் கடனோடு, தயாரிப்புப் பொறுப்புக் காப்பீட்டின் முதல் மூன்று ஆண்டுப் பிரீமியத்தையும் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகள் குழுக்கள் சார்பில் ஒன்றாகப் பேசி, பாலிசி கேட்க வேண்டும். அடுத்த குழுக் கூட்டத்தின் தீர்மான நோட்டில் இதை எழுதுங்கள். தராசு ஒருநாள் பிசகலாம். அதற்காக ஒரு குடும்பம் மறுபடியும் கூலிக்குத் திரும்பக் கூடாது.