கண்ணோட்ட மாற்றமும் தேர்வுக்கால மன அழுத்தமும்

மன அழுத்தம் என்பது, நம்மிடம் உள்ள நேரம், வலிமை, அறிவு, துணை ஆகியவற்றைக் காட்டிலும் நம் முன் நிற்கும் வேலையோ இக்கட்டோ பெரிது என்று மனம் கணக்கிடும்போது உடலிலும் உள்ளத்திலும் தோன்றும் நிலை ஆகும். அந்தக் கணக்கை மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்த்துத் திருத்துவதை உளவியலில் மறுமதிப்பீடு என்பர். பேச்சுவழக்கில் கண்ணோட்டத்தை மாற்றிக்கொள்வது என்கிறோம். இது எவ்வாறு பயன் தருகிறது, எந்த இடத்தில் பயன் தராது என்பவற்றை, மாணவர்கள் நன்கு அறிந்த பொதுத்தேர்வைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் ஒரு சொல் விளக்கம். 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல் தமிழில் இரண்டு வேறு நிலைகளுக்கு வழங்கி வருகிறது. தேர்வு, கடன், வேலைச்சுமை போன்றவற்றால் வரும் நெருக்கடி ஒன்று. வாரக்கணக்கில் நீடித்து, எதிலும் விருப்பமில்லாமல் செய்துவிடும் மனச்சோர்வு நோய் மற்றொன்று. இங்கே பேசப்படுவது முதலாவது. இரண்டாவது, மருத்துவம் தேவைப்படும் நோய். அறிவுரை சொல்லித் தீர்க்கக் கூடியது அன்று.

உடலில் நடப்பது

ஆபத்து என்று மூளை உணர்ந்தவுடன் பரிவு நரம்பு மண்டலம் தூண்டப்படுகிறது. அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு விரைவாகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது, வயிற்றைப் பிசைகிறது. சற்றுப் பின்னர் கார்டிசால் சுரந்து இரத்தத்தில் சர்க்கரையின் அளவை உயர்த்துகிறது. எதிர்த்து நிற்பதற்கோ தப்பி ஓடுவதற்கோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். 1936-இல் ஹான்ஸ் செல்யே, வெவ்வேறு வகைத் தீங்குகளுக்கு உள்ளாக்கப்பட்ட எலிகளின் உடல்களில் ஒரே மாதிரியான மாறுதல்கள் ஏற்படுவதைக் கண்டு எழுதினார். 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லை மருத்துவ உலகில் பரப்பியவரும் அவரே.

சிறிது நேரம் வந்து போகும் இந்த ஆயத்தம் தீங்கானது அன்று. மாதக்கணக்கில் தணியாமல் இருக்கும்போதுதான் தூக்கம், செரிமானம், இரத்த அழுத்தம் எனப் பலவும் கெடத் தொடங்குகின்றன.

நிகழ்ச்சிக்கும் அழுத்தத்திற்கும் நடுவில்

ஒரே வினாத்தாள், ஒரே அறை, ஒரே பாடத்திட்டம். ஆனாலும் ஒரு மாணவி அமைதியாக எழுதுகிறாள். அடுத்த இருக்கையில் இருப்பவளுக்குக் கை நடுங்குகிறது. நிகழ்ச்சியே அழுத்தத்தைத் தருகிறது என்றால் இந்த வேறுபாடு ஏன்?

இக்கேள்வியை முறையாக ஆராய்ந்தவர், பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிஞர் ரிச்சர்டு லாசரஸ். 1964-இல் அவர் குழு வெளியிட்ட ஓர் ஆய்வில், பார்ப்பவரைத் துணுக்குறச் செய்யும் படம் ஒன்று திரையிடப்பட்டது. பழங்குடியினரின் சடங்கு ஒன்றில் இளைஞர்களின் உடலில் கத்தியால் கீறும் காட்சிகள் அதில் இருந்தன. ஒரு குழுவினர் ஒலி இல்லாமல் படத்தை மட்டும் பார்த்தனர். இன்னொரு குழுவினருக்கு வலியையும் ஆபத்தையும் வலியுறுத்தும் வருணனை ஒலித்தது. மற்றொரு குழுவுக்கு, இதில் பெரிய துன்பம் ஏதுமில்லை என்ற வருணனை. வேறொரு குழுவுக்கு, ஆய்வாளர் ஒருவர் விலகி நின்று விவரிப்பது போன்ற வருணனை. தோலில் வியர்வையால் ஏற்படும் மின்கடத்தும் மாற்றத்தை அளந்தபோது, கடைசி இரு குழுவினரின் உடல் பதற்றம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. கண் கண்ட காட்சி ஒன்றுதான். காதில் விழுந்த விளக்கம்தான் வேறு.

லாசரஸ், சூசன் ஃபோக்மன் இருவரும் 1984-இல் வெளியிட்ட நூல் இக்கருத்தை விரிவாக்கியது. இக்கட்டு ஒன்று வரும்போது மனம் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறது: 'இதனால் எனக்கு என்ன கெடுதல்?', 'இதைச் சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது?' இரண்டுக்கும் கிடைக்கும் விடைகளைப் பொறுத்தே அழுத்தம் கூடவோ குறையவோ செய்கிறது.

தமிழ்நாட்டு மேல்நிலை இரண்டாம் ஆண்டு இயற்பியல் தாளை எடுத்துக்கொள்வோம். எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். ஐந்து மதிப்பெண் வினா ஒன்று பழகாத வடிவில் வந்திருக்கிறது. 'எல்லாம் போயிற்று' என்பது ஒரு மதிப்பீடு. '70-இல் இது 5. அதிலும் அல்லது என்று போட்டு இன்னொரு வினா இருக்கிறது' என்பது வேறொரு மதிப்பீடு. இரண்டாவதில் இனிப்புப் பேச்சு எதுவும் இல்லை, வெறும் கூட்டல் கழித்தல்தான். நல்ல மறுமதிப்பீடு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். முதல் மதிப்பீடு மிகைப்படுத்தியதை உண்மையின் அளவுக்கு அது இறக்கி வைக்கிறது.

லாசரஸின் படத்தில் ஒலித்த வருணனையை வீட்டிலும் ஒருவர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கலாம். 'உன் வாழ்க்கையே இந்த மூன்று மணி நேரத்தில்தான் இருக்கிறது' என்று பெற்றோர் அன்போடு சொல்லும் சொல்லும் ஒரு வருணனைதான். அது உண்மையும் அன்று. தேர்வில் தவறியவர்கள் அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு எழுதலாம்.

வினாத்தாள் கையில் வரும் நேரம்

பொதுத்தேர்வில் எழுதத் தொடங்குமுன் வினாத்தாளைப் படித்துப் பார்ப்பதற்கு மட்டும் 10 நிமிடம் தரப்படுகிறது. அறைக் கண்காணிப்பில் நின்ற ஆண்டுகளில் நான் கவனித்த வரையில், மாணவர்களின் முகம் மிக வேகமாக மாறுவது அந்தப் பத்து நிமிடத்தில்தான். அப்போது இதயம் படபடக்கும். 'ஐயோ, படபடக்கிறதே, எல்லாம் மறந்துவிடும் போலிருக்கிறதே' என்று அந்தப் படபடப்பைக் கண்டே இரண்டாவது அச்சம் பிறக்கும். முதல் அச்சத்தைவிட இதுவே கெடுதல் செய்வது.

ஜெரமி ஜேமிசனும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகத் தொடுகிறது. அமெரிக்காவில் முதுகலைப் படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வுக்கு ஆயத்தமாகி வந்த மாணவர்களுக்கு ஒரு மாதிரித் தேர்வு நடத்தினார்கள். ஒரு பாதியினரிடம் மட்டும், தேர்வின்போது வரும் படபடப்பு மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை, நன்றாகச் செய்யவும் அது உதவக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். அவ்வளவுதான். அந்தப் பாதியினர் கணிதப் பகுதியில் கூடுதல் மதிப்பெண் பெற்றனர். பின்னர் எழுதிய உண்மையான தேர்விலும் கணிதத்தில் முந்தி நின்றனர். மொழிப் பகுதியில் வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது எல்லாவற்றுக்குமான மருந்து அன்று. சிறிய குழுவிடம் நடத்தப்பட்ட ஆய்வும்கூட.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உமிழ்நீரை ஆராய்ந்தபோது, நன்றாகச் செய்த அந்தக் குழுவினரின் உடல் கிளர்ச்சி குறையவில்லை, கூடியிருந்தது. அவர்கள் அமைதியாகிவிடவில்லை. படபடப்பின் பொருள்தான் அவர்களுக்கு மாறியிருந்தது.

ஹார்வர்டு வணிகப் பள்ளியின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட சோதனைகளும் இதே வழியில் செல்கின்றன. முன்பின் அறியாதவர் முன் பாடுவதற்கு முன்னால், சிலர் 'பதற்றமாக இருக்கிறேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிலர் 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். சுருதியையும் தாளத்தையும் கணினி விளையாட்டு ஒன்று அளந்து மதிப்பெண் போட்டது. உற்சாகம் என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 80 விழுக்காடும், பதற்றம் என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 53 விழுக்காடும் பெற்றனர். பதற்றத்திலிருந்து அமைதிக்குச் செல்வது நீண்ட வழி. உடல் முழுவதும் அடங்க வேண்டும். பதற்றத்திலிருந்து உற்சாகத்திற்குச் செல்வது பக்கத்து வீட்டுக்குப் போவது போல. இரண்டிலும் இதயம் வேகமாகத்தான் துடிக்கிறது. 'பதறாதே, அமைதியாக இரு' என்று தேர்வறை வாசலில் நாம் சொல்லி அனுப்புவது ஏன் பலிப்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

அடக்குதல் வேறு, மாற்றிப் பார்த்தல் வேறு

அச்சத்தை வெளியே காட்டாமல் விழுங்கிக்கொள்வதையும் கண்ணோட்ட மாற்றம் என்று சிலர் எண்ணுகின்றனர். அழாதே, ஆண்பிள்ளை அழலாமா என்று சிறு வயதிலிருந்து பழக்குவது இந்த அடக்குதலைத்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கிராஸ் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அருவருப்பூட்டும் மருத்துவப் படம் ஒன்றைப் பார்த்தபோது உணர்வை முகத்தில் காட்டாமல் அடக்கியவர்களின் உடல் கிளர்ச்சி கூடியது. படத்தை வேறு கண்ணோட்டத்தில் பார்த்தவர்களுக்கு அருவருப்பே குறைந்தது. பின்னர் ஜேன் ரிச்சர்ட்ஸ் உடன் சேர்ந்து அவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, அடக்குதல் நினைவாற்றலையும் பாதிப்பதைக் காட்டியது. உணர்வை அடக்குவதற்கே மனத்தின் ஒரு பகுதி உழைத்துக்கொண்டிருந்தால், படித்ததை நினைவுகூர எது மிஞ்சும்?

பழைய சிந்தனைகள்

அடிமையாகப் பிறந்து மெய்யியல் ஆசிரியராக உயர்ந்த எபிக்டெடஸ், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, மனிதரைக் கலக்குவது நிகழ்ச்சிகளைக் காட்டிலும் அவற்றைப் பற்றிய எண்ணங்களே என்ற கருத்தைப் போதித்தார். அவரது கருத்திலிருந்து ஊக்கம் பெற்றவர்களுள் ஒருவர், 1950-களில் புதிய உளச் சிகிச்சை முறையை வகுத்த ஆல்பர்ட் எல்லிஸ்.

திருக்குறளின் 63-ஆம் அதிகாரம் இடுக்கண் அழியாமை. துன்பத்தைக் கண்டு கலங்காத மனநிலையைப் பேசுவது. தன்னம்பிக்கை மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அதற்கு முந்தைய 62-ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை, அதாவது விடாமுயற்சி. முயற்சியைச் சொன்ன பிறகே துன்பத்தைத் தாங்கும் மனத்தை வள்ளுவர் சொல்கிறார். மேடைகளில் இந்த வரிசையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எந்த இடத்தில் உதவாது

அந்த வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அலிசன் டிராய் முதலியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், தம்மால் மாற்ற முடியாத இக்கட்டில் இருந்தவர்களுள், மறுமதிப்பீடு செய்யும் திறன் மிக்கவர்களுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாக இருந்தன. தம்மால் மாற்றக்கூடிய இக்கட்டில் இருந்தவர்களிடமோ நிலை தலைகீழாக இருந்தது: திறன் கூடக்கூட அறிகுறிகளும் கூடுதலாகக் காணப்பட்டன. காரணத்தை நாம் ஊகிக்கலாம். மூன்று பாடம் படிக்காமல் கிடக்கும்போது 'மதிப்பெண்தானே, போகட்டும்' என்று மனத்தைத் தேற்றிக்கொள்பவர் அந்த மூன்று பாடத்தையும் படிக்கப் போவதில்லை.

ஆகவே முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். வினாத்தாள் கடினமாக வருவது நம் கையில் இல்லை. இன்று மாலை எந்தப் பாடத்தைத் திருப்புவது என்பது நம் கையில் உள்ளது. சக மாணவர்கள் கேலியும் துன்புறுத்தலும் செய்தால், அதை வேறு விதமாகப் பார்க்கப் பழகுவது தீர்வு ஆகாது. பெரியவர்களிடம் சொல்லி நிறுத்த வேண்டியது அது. காலை ஏழு மணி முதல் இரவு எட்டு மணி வரை சிறப்பு வகுப்பு நடத்திவிட்டு, மாணவர்களின் சோர்வைப் போக்கத் தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைத்து வரும் பள்ளிகள் உண்டு. அங்கே மாற வேண்டியது கால அட்டவணை. சுமையை ஏற்றியவரே 'உன் பார்வையை மாற்றிக்கொள்' என்று சொல்வதில் பழியைப் பிள்ளையின் தலையில் கட்டும் வேலையும் அடங்கியிருக்கிறது.

பழகும் முறை

நெருக்கடியின் உச்சத்தில் இதைப் புதிதாகக் கற்க முடியாது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேண்டஸ் ரயோ முதலியோர் 2013-இல் நடத்திக் காட்டியது இது: அச்சத்தை மாற்றிப் பார்க்கும் பயிற்சியை ஒரு நாள் பெற்றவர்கள், மறுநாள் பனிக்கட்டி நீரில் சில நிமிடம் கையை வைத்து உடல் அழுத்தத்திற்கு ஆளானபின், கற்ற பயிற்சியைப் பயன்படுத்த இயலாமல் போயினர். ஒரு நாள் பயிற்சி போதவில்லை. எனவே திருப்புதல் தேர்வுகளிலும் வகுப்புத் தேர்வுகளிலும் பழகிக்கொள்வது நல்லது. இரவெல்லாம் விழித்துவிட்டு வருபவருக்கு இது இன்னும் கடினம்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய சிகிச்சை முறையில், தானாக எழும் எண்ணத்தைத் தாளில் எழுதி அதற்குச் சான்று கேட்பது ஒரு முக்கியப் படி. 'நான் கண்டிப்பாகத் தவறிவிடுவேன்' என்று எழுதுங்கள். அரையாண்டுத் தேர்வில் எத்தனை மதிப்பெண்? எந்தெந்தப் பாடம் தெரியும்? இன்னும் எத்தனை நாள் இருக்கிறது? விடைகளை அருகில் எழுதுங்கள். பிறகு முதல் வரியைத் திருத்துங்கள். 'வேதியியலில் இரண்டு பாடம் எனக்கு வரவில்லை. ஒன்பது நாள் இருக்கிறது' என்று அது மாறலாம். இது மகிழ்ச்சியான வரி அன்று. ஆனால் இதை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய முடியும்.

எண்ணத்திலிருந்து சற்று விலகி நிற்க இன்னொரு எளிய வழி, தன்னைத் தானே பெயர் சொல்லிப் பேசுவது. 'எனக்கு ஏன் இப்படி' என்பதற்குப் பதிலாகத் தன் பெயரைச் சொல்லி, 'உனக்கு இப்போது என்ன பயம்?' என்று மனத்துக்குள் கேட்பது. ஈதன் கிராஸ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில் இவ்வாறு பேசிக்கொண்டவர்கள் மேடைப் பேச்சின் நெருக்கடியைச் சற்று எளிதாகக் கடந்தனர். தோழி ஒருத்திக்கு நாம் சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் நியாயமாக இருக்கும். நமக்கு நாமே சொல்லிக்கொள்வதில்தான் கடுமை கூடிவிடுகிறது.

தூக்கமின்மை, பசியின்மை, யாரிடமும் பேசாமல் ஒதுங்கியிருத்தல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு மாணவர் சொன்னால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அவரைத் தனியே விடவும் கூடாது. இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணையும் அழைக்கலாம்.