தாயின் தட்டில் என்ன இருக்கிறது?

உணவே மருந்து என்பது நம் முன்னோர் வாக்கு. அண்மைக் காலத்தில் அவ்வாக்கு நம் இல்லங்களில் மீண்டும் ஒலிக்கக் கேட்கிறோம். ஏழையின் உணவென்று முன்பு ஒதுக்கப்பட்ட கம்பும் கேழ்வரகும் இன்று அழகிய பொட்டலங்களில் கடைகளின் முன்வரிசையில் வீற்றிருக்கின்றன. கொல்லையில் தானாக வளரும் முருங்கையின் இலை பொடியாக்கப்பட்டு விலைக்கு வந்துள்ளது. காய், கனி, கீரை, பயறு ஆகியவற்றின் பக்கம் மக்களின் மனம் திரும்பியிருப்பது மகிழத்தக்கதே. ஆயினும், ஒரு வினாவை இங்கே எழுப்ப விரும்புகிறோம். இந்த நல்லுணவெல்லாம் வீட்டில் யாருடைய தட்டைச் சென்றடைகிறது? அதனைச் சமைத்த தாயின் தட்டில் என்ன இருக்கிறது?

இரத்தம் கூறும் செய்தி

2019 முதல் 2021 வரை நம் நாட்டில் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு நடைபெற்றது. அதன்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். அதே வயதுடைய ஆண்களிலோ நூற்றுக்கு 25 பேரே. தமிழகத்துப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இக்குறை உண்டு. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, ஒரே அடுப்பில் சமைத்ததை உண்பவர்களுக்கிடையே இத்துணை வேறுபாடு ஏன்?

இரத்தத்தின் செந்நிறத்திற்குக் காரணமான ஹீமோகுளோபின் என்னும் பொருளே உடலெங்கும் உயிர்வளியைச் சுமந்து செல்கிறது. அது உருவாவதற்கு இரும்புச்சத்து இன்றியமையாதது. இரும்பு குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும். அது குறைந்தால் உடல் சோரும். நான்கு படி ஏறினால் மூச்சிரைத்தல், ஓயாத களைப்பு, தலைச்சுற்றல், கீழிமையின் உட்புறம் வெளுத்துப்போதல் ஆகியவை இதன் அறிகுறிகள். ஆனால் நம் வீடுகளில் இந்நோய்க்கு வேறொரு பெயர் உண்டு. அதனைச் 'சோம்பல்' என்கிறோம்! நோயுற்றவளுக்கு மருந்துக்குப் பதிலாக வசைச்சொல் கிடைக்கிறது. கருவுற்ற தாய்க்கு இக்குறை மிகுந்திருந்தால் குழந்தை எடை குறைந்தோ, உரிய காலத்திற்கு முன்போ பிறக்கக்கூடும். மகப்பேற்றின்போது தாயின் உயிருக்கே ஆபத்து நேரக்கூடும்.

மாதந்தோறும் நிகழும் இரத்த இழப்பினால் பெண்ணுக்கு இரும்புச்சத்து மிகுதியாகத் தேவைப்படுகிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்த அளவின்படி, நாளொன்றுக்கு ஆணுக்கு 19 மில்லிகிராமும் பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் உணவில் இருத்தல் வேண்டும். மிகுதியாகத் தேவைப்படுபவளோ கடைசியாக உண்கிறாள். கணவரும் பிள்ளைகளும் உண்டெழுந்தபின் கீரைச்சட்டி வெறுமையாயிருக்கும். பருப்பு அடியில் சிறிதளவே ஒட்டியிருக்கும். எஞ்சிய சோற்றில் இரசத்தை ஊற்றி அவள் தன் பசியை ஆற்றிக்கொள்கிறாள். வயிறு நிரம்புகிறது, உடல் நிரம்புவதில்லை.

குன்னூர் கற்பித்த பாடம்

1918-ஆம் ஆண்டில் நீலகிரி மலையிலுள்ள குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் உணவு ஆய்வைத் தொடங்கினார். அந்த ஓரறை ஆய்வுக்கூடமே 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை மக்காரிசன் எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கறிகள், எப்போதாவது சிறிது இறைச்சி என அமைந்த பஞ்சாபியர் உணவை உண்டவை செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய தென்னாட்டு உணவை உண்டவை நலிந்து பின்தங்கின.

இதனால் நாம் அறிவது யாது? தாவர உணவு என்பதனால் மட்டுமே ஓர் உணவு நல்லுணவாகிவிடாது. சோறும் இரசமும் தாவர உணவே. அவை மட்டும் போதா. தானியத்தோடு பயறும், பயறோடு கீரையும், கீரையோடு கனியும் கூடும்போதுதான் அது முழுமை பெறுகிறது.

கணக்கும் கைப்பக்குவமும்

நூறு கிராம் முருங்கைக்கீரையில் ஏறத்தாழ நான்கரை மில்லிகிராம் இரும்பு உண்டு. ஒரு பெண்ணின் ஒரு நாள் தேவையில் அது ஆறில் ஒரு பங்கேயாகும். எனவே எந்த ஒரு கீரையும், எந்த ஒரு பொடியும் தனித்து நின்று இக்குறையைப் போக்கிவிடாது. நூறு கிராம் கம்பில் 6 மில்லிகிராமும், கொண்டைக்கடலையில் 6 மில்லிகிராமுக்கு மேலும், கொள்ளில் 8 மில்லிகிராமுக்கு மேலும் இரும்பு உண்டு. இவற்றை மாற்றி மாற்றி உணவில் சேர்த்தல் வேண்டும்.

அங்ஙனம் சேர்த்தாலும், தாவர உணவிலுள்ள இரும்பு, மீன், இறைச்சியில் உள்ளதைப்போல் உடலில் எளிதாகச் சேர்வதில்லை. அதனைச் சேரச் செய்யும் வழிகள் நம் அடுக்களையிலேயே உள்ளன.

முதலாவது, புளிப்புக் கனிகளின் துணை. வைட்டமின் சி என்னும் சத்து, தாவர இரும்பை உடல் ஏற்கத் துணைபுரிகிறது. சூடு அச்சத்தை அழிக்குமாதலால், கீரையையோ சுண்டலையோ அடுப்பிலிருந்து இறக்கியபின் எலுமிச்சையைப் பிழிவது நன்று. உணவோடு ஒரு நெல்லிக்காயோ, உணவு முடிந்ததும் ஒரு கொய்யாப்பழமோ உண்பதும் சாலச் சிறந்தது. விலையுயர்ந்த கனிகளை நாட வேண்டியதில்லை.

இரண்டாவது, தேநீரும் காப்பியும். இவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு, உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் இவற்றைத் தவிர்க்குமாறு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி அறிவுறுத்துகிறது. காலைப் பலகாரத்துடன் காப்பி அருந்தும் நம் வழக்கத்தைச் சற்றே மாற்றிக்கொள்ளலாமன்றோ?

மூன்றாவது, ஊறவைத்தலும் முளைகட்டுதலும் புளிக்கவைத்தலும். தானியங்களிலும் பயறுகளிலும் இரும்பைத் தடுக்கும் வேறொரு பொருளும் உண்டு. ஊறும்போதும் முளைவிடும்போதும் மாவு புளிக்கும்போதும் அது குறைகிறது. முளைகட்டிய பயறு, புளித்த கம்பங்கூழ், இட்டலி ஆகியவற்றின் சிறப்பு இதுவே.

நான்காவது, இரும்பு வாணலி. தக்காளி முதலிய புளிப்புள்ளவற்றை அதில் சமைக்கும்போது சிறிதளவு இரும்பு உணவில் கலக்கிறது. பரணில் துருவேறிக் கிடக்கும் பாட்டியின் இருப்புச்சட்டியைத் துலக்கி எடுப்பதற்கு இதனினும் நல்ல காரணம் வேண்டுமோ!

இயற்கையின் எல்லை

இயற்கை உணவை விரும்புவோர் ஓர் எச்சரிக்கையை மனத்திற்கொள்ள வேண்டும். இரத்தசோகை மிகுந்துவிட்டபின் கீரைச் சாற்றை மட்டும் நம்பியிருப்பது பேதைமை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரத்தப் பரிசோதனையும், கருவுற்ற தாய்மார்க்கு இரும்புச்சத்து மாத்திரைகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. மாத்திரை உட்கொள்ளும்போது மலம் கறுப்பது இயல்பே. அதற்கஞ்சி மாத்திரையை நிறுத்துதல் தகாது. அதனைத் தேநீருடன் விழுங்குவதும் பயன் தராது. குடலில் கொக்கிப்புழு இருந்தால் அது இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். ஆதலால் காலணி அணிதலும், மருத்துவர் கூறும் புழுநீக்க மருந்தை உட்கொள்ளுதலும் தேவை. மேலும், இரத்தம் உருவாகத் தேவையான வைட்டமின் பி12 தாவர உணவில் கிடைப்பதில்லை. பால், முட்டை ஆகியவற்றையும் அறவே விலக்குவோர் மருத்துவரைக் கேட்டு அதனைத் தனியாகப் பெறுதல் வேண்டும்.

முதலில் எடுத்து வைக்கும் பங்கு

இவ்வளவும் கூறியபின், எளியதும் கடினமானதுமாகிய ஒன்று எஞ்சியுள்ளது. எளியது, ஏனெனில் அதற்குக் காசு செலவில்லை. கடினமானது, ஏனெனில் அது நெடுநாள் பழக்கத்தை மாற்றக் கோருகிறது. குடும்பத்தார் அனைவரும் நாளுக்கு ஒரு வேளையேனும் சேர்ந்தமர்ந்து உண்ண வேண்டும். அது இயலாத வீடுகளில், மற்றவர்க்குப் பரிமாறுவதற்கு முன்பே தாயின் பங்குக் கீரையும் பயறும் தனியே எடுத்து வைக்கப்படவேண்டும். அதனைச் செய்யவேண்டியவர் தாயல்லர், அவர் செய்யமாட்டார். தம் பங்கையும் பிள்ளையின் தட்டில் இடுவதே அவர் இயல்பு. ஆகவே கணவரும் வளர்ந்த மக்களுமே இப்பொறுப்பை ஏற்கவேண்டும். மகளுக்கும் மகனுக்கும் ஒரே அளவில் பரிமாறப்படுகிறதா என்பதையும் அவர்களே கவனித்தல் வேண்டும்.

பிறர் நலனுக்காகத் தன் வாயைக் கட்டும் தாயைத் தியாகி என்று போற்றுகிறோம். போற்றுதல் நன்றே. ஆனால் புகழுரையால் இரத்தம் ஊறுவதில்லை. ஒரு கரண்டி கீரையும், ஒரு கைப்பிடி பயறும், அரைமூடி எலுமிச்சையும் அதனை ஊறச் செய்யும். இன்று இரவு உணவுக்கு அமரும்போது, நம் தட்டைப் பார்ப்பதற்கு முன் அவர் தட்டைப் பார்ப்போமாக.