எதிர்க்காற்று குடிக்கும் பெட்ரோல்

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திருநெல்வேலிக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஆனி, ஆடியில் அந்தச் சாலையில் மேற்கே கார் ஓட்டிப் போனவர்களுக்குத் தெரியும், வண்டி இழுக்காது. ஆக்சிலரேட்டரை வழக்கத்தைவிட அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும். நவதிருப்பதியின் ஒன்பது கோவில்களையும் சுற்றிக்காட்டும் டாக்ஸி டிரைவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "போகையில குடிக்கிறத வரும்போது மிச்சம் பிடிச்சிரும்லா அண்ணாச்சி, கணக்கு சரியாப் போயிரும்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து தாளில் போட்டுப் பார்த்தேன். சரியாகப் போகவில்லை.

தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே வறண்டு நம் பக்கம் பாய்கிறது. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவதும் கடற்கரையில் கச்சான் என்று பெயர் பெறுவதும் இந்த மேல்காற்றுதான். ஓடும் காரை அது தடுக்கும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 60 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், எதிரே 30 கி.மீ. வேகத்தில் காற்று என்றால், காருக்கு அது 90 கி.மீ. காற்று. வேகம் ஒன்றரை மடங்கு. தடை இரண்டேகால் மடங்கு. திரும்பும்போது காற்று முதுகுப் பக்கம். காருக்குத் தெரிவது 30 மட்டுமே. தடை கால் பங்கு. இரண்டேகாலும் காலும் சேர்ந்தால் இரண்டரை. காற்றே இல்லாத நாளில் போக ஒன்று, வர ஒன்று, ஆக இரண்டுதான். காற்றைக் கிழிக்கச் செலவாகும் ஆற்றல், போய்வந்த பிறகும் கால்பங்கு கூடுதல். பெட்ரோல் செலவே கால்பங்கு கூடிவிடாது. டயர் உராய்வும் எஞ்சினின் சொந்த உராய்வும் காற்றைப் பொறுத்தவை அல்ல. ஆனாலும் நஷ்டம் நஷ்டம்தான். மேற்கே போகும்போது 60-ஐ 50 ஆக்கினால் காற்றுத் தடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அடுத்த முறை பார்த்தபோது டிரைவரிடம் சொன்னேன். யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

கத்திரி வெயிலின் கதை வேறு. 25 டிகிரியில் இருக்கும் காற்று 40 டிகிரிக்குச் சூடானால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 5 சதவீதம் குறைகிறது. எஞ்சின் ஒரு மடக்கில் இழுக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. ஆள் நிரம்பிய வண்டி மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்குவது இதனால்தான். இழுவை குறைந்தால் மைலேஜும் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அதே லேசான காற்று காரையும் குறைவாகத்தான் தடுக்கும். எஞ்சினும் சீக்கிரம் பதத்துக்கு வந்துவிடும். கோடையில் பெட்ரோலைக் குடிப்பது ஏசி. கடும் வெயிலில், குறிப்பாகக் குறுகிய பயணங்களில், ஏசியால் மைலேஜ் 25 சதவீதத்துக்கு மேல்கூடக் குறையலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஒன்பது கோவில்களின் வாசலிலும் ஏசியை ஓடவிட்டு நிற்கும் வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

அம்பாசடர் காலத்தில் வெயில் வேறொரு தொல்லையும் கொடுத்தது. எஞ்சின் பக்கத்திலேயே இருந்த பம்ப் சூடாகி, பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். 'ஏர் லாக்' என்று சொல்லி, பம்ப்பின் மேல் ஈரத்துணி சுற்றி, அது குளிரும்வரை புளியமர நிழலில் காத்திருப்பார்கள். துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்லும். மண்பானையின் அதே அறிவியல். இன்று பம்ப் டேங்கின் உள்ளேயே அமர்ந்து பெட்ரோலை அழுத்தத்தோடு தள்ளுவதால் அந்தத் துணிக்கு வேலையில்லை.

விடிகாலையில் பெட்ரோல் போட்டால் லாபம் என்பதும் வெயிலை வைத்துச் சொல்லப்படுவதுதான். சூட்டில் பெட்ரோல் விரிவது உண்மை. ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு. ஆனால் பங்க்கில் அது மண்ணுக்கடியில் கிடக்கிறது. பகலும் இரவும் அங்கே பெரிதாக எட்டுவதில்லை. 40 லிட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசம் என்றால் 40 மில்லிலிட்டருக்கும் குறைவு. நான்கு ரூபாய்க்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சந்தேகம் இருந்தால் அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லுங்கள். அந்த உரிமை நமக்கு உண்டு.

விலைப் பலகையில் பருவம் தெரிவதில்லை. மேலை நாடுகளில் கோடைச் சுற்றுலா பெட்ரோல் விலையையும், பனிக்காலம் வீடு சூடாக்கும் எண்ணெய் விலையையும் ஏற்றும். இங்கே தினசரி விலை மாற்றம் 2017 ஜூனிலேயே வந்துவிட்டாலும், 2022 மே மாதம் முதல் 2024 மார்ச் வரை சென்னையில் லிட்டர் 102 ரூபாய் 63 காசிலேயே நின்றது. லடாக்கின் பனிக்காலத்தில் உறையாத டீசலென்று 2019-இல் தனியாகக் கொண்டுவந்தார்கள். மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத நமக்கு அந்தக் கவலை இல்லை.

நம் குளிர்காலத்தின் பயம் தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த ஊர் மறக்காது. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சிக்கி நின்றது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் வாரிக்கொண்டு போயிருந்தது. அப்படியொரு வெள்ளத்தில் தெருவில் நிற்கும் கார்களும் மூழ்கும்.

மூழ்கியதாலேயே எஞ்சின் செத்துவிடாது. தண்ணீர் வடிந்ததும் "ஓடுதா பாப்போம்" என்று சாவி போடும்போதுதான் பல எஞ்சின்கள் உடைகின்றன. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. நான்கு சிலிண்டர் கொண்ட 1200 சி.சி. கார் என்றால் ஒரு சிலிண்டர் 300 சி.சி. பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது மேலே மிஞ்சும் இடம் 33 சி.சி. அளவுதான். இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றே கூடுதலாகத் தண்ணீர் உள்ளே இருந்தால் போதும், பிஸ்டன் சுவரில் மோதியதுபோல் நிற்கும். கனெக்டிங் ராடு வளையும். டீசல் எஞ்சினில் அந்த இடம் இன்னும் குறுகல், 20 சி.சி. வரைதான். ஓடும் வண்டியை வெள்ளத்தில் விட்டாலும் இதே கதைதான், பானெட்டுக்கு முன்பக்கம் காற்று இழுக்கும் வாய் தண்ணீரையும் இழுத்துவிடும். இந்தச் சேதத்துக்குச் சாதாரண இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் பணம் தராது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

டேங்கையும் கவனிக்க வேண்டும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரோடு கூட்டுச் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான்.

வெள்ளம் பார்த்த மெக்கானிக்குகள் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுவார்கள். ஆயில் குச்சியை இழுத்துப் பார்ப்பார்கள். பால்விட்ட காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர். ஆயிலை வடித்து, ஏர் ஃபில்டரை எடுத்து, ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றுவார்கள். பிளக் இருந்த துளை வழியே கலங்கல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். அது நின்று, வெறும் காற்று வரும்வரை சுற்றிக்கொண்டே இருப்பார்கள்.