சளிக்கும் சர்க்கரைக்கும் உறவுண்டு

முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே போனால் புதுச்சேரி எங்கே முடிகிறது, கோட்டக்குப்பம் எங்கே தொடங்குகிறது என்பது கடைப் பலகையைப் படித்தால்தான் தெரியும். புள்ளிவிவரத்தில் மட்டும் எல்லை பளிச்சென்று இருக்கிறது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி பெரியவர்களிடையே சர்க்கரை நோய் புதுச்சேரியில் 26.3 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4. கோட்டக்குப்பம் இருப்பது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டக் கணக்கில். வேலையும் சினிமாவும் மலிவான மதுவும் புதுச்சேரிப் பக்கம். எந்த எண் தங்களுக்கு என்று இவ்வூர்க்காரர்கள் கேட்டால், பெரிய எண்ணையே நினைத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போங்கள் என்பேன்.

சர்க்கரை ஒரு கவலை என்றால், கொசு பரப்பும் நோய்கள் இன்னொன்று. அந்த விஷயத்தில் இந்த வட்டாரத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. கொசுவை ஆராயவே 1975-இல் புதுச்சேரியில் ஒரு மத்திய ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. யானைக்கால் நோய் அதன் முக்கியப் பணிகளில் ஒன்று. அந்நோயை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் பதுங்கிக்கொள்ளும். இரவில்தான் தோலடி ரத்தத்துக்கு வரும். சுகாதார ஊழியர்கள் ஊரடங்கிய பிறகு கதவைத் தட்டி விரல்நுனியில் குத்தி ரத்தம் எடுத்தது அதனால்தான். யானைக்கால் கொசுவுக்குச் சாக்கடை வேண்டும். டெங்கு கொசுவுக்கோ மூடாத டிரம்மில் ஒரு வாரம் நின்ற நல்ல தண்ணீரே போதும். டிரம்மை வீட்டுக்காரர் மூடிவிடலாம். சாக்கடை நகராட்சியின் வேலை.

சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று வந்தால் மட்டும் பழியெல்லாம் நோயாளியின் வாய் மேல். அது பாதி நியாயம்தான்; மாத்திரை ஒழுங்காகக் கிடைப்பது மறுபாதி. 2020-இல் தமிழகத்தில் நடந்த ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் வெறும் 10.8 சதவீதம். மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது. மாத்திரை போடும் வேளையும் முக்கியம். நோன்பு மாதத்தில் காலை மாத்திரையைத் தாமாகவே சஹருக்கு (விடியலுக்கு முந்தைய உணவுக்கு) மாற்றிக்கொள்கிறவர்களுக்குப் பிற்பகலில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். ரமலானுக்கு முன்பே டாக்டரைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

‘ஒட்டுவாரொட்டி’ ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம் என்று பிரிப்பதில் ஓர் ஓட்டை இருக்கிறது. காசநோய்க் கிருமி பலருடைய உடம்பில் சத்தமில்லாமல் உறங்குகிறது. சர்க்கரை ஏறினால் எதிர்ப்புச் சக்தி தளர்கிறது. சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு. அப்படி வந்த காசநோய் இருமலில் அடுத்தவருக்கும் போகும். சர்க்கரை உள்ளவருக்கு இரண்டு வாரம் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம்; காசநோய் உறுதியானவருக்குச் சர்க்கரை அளவையும் பார்க்க வேண்டும். இரண்டுமே அரசு மருத்துவமனையில் இலவசம்.