‘ஸ்டீரிங் சரியில்லை’ - ஓட்டுநர் சொல்வதன் பொருள் என்ன?

2025ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் காலை. தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமி விழாவில் பாதுகாப்புப் பணியை முடித்துவிட்டு, கலகத் தடுப்புப் படையினர் ஈப்போவுக்குத் திரும்பிக் கொண்டிருந்தனர். வழியில் அவர்களின் வாகனமும் கல் ஏற்றி வந்த லோரியும் மோதிக்கொண்டன. ஒன்பது பேர் மாண்டனர். நம் விழாவுக்குக் காவல் நின்றவர்கள் வீடு திரும்பவில்லை.

லோரியின் ஸ்டீரிங் இயங்கவில்லை என்றே முதலில் செய்தி வந்தது. பின்னர் சிறப்புக் குழு நடத்திய விசாரணையில், அந்த லோரி அனுமதிக்கப்பட்ட அளவைவிட 60 விழுக்காட்டுக்கும் கூடுதலான பாரம் ஏற்றியிருந்தது தெரிய வந்தது. அவ்விபத்தில் யார் குற்றவாளி என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ‘ஸ்டீரிங் சரியில்லை’ என்று ஓர் ஓட்டுநர் சொன்னால், கோளாறு எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதைத்தான் இங்கே காணப் போகிறோம்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்வோம். ஓட்டுநர் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது அதன் தண்டு ஸ்டீரிங் கியர் பெட்டியைச் சுழற்றுகிறது. எண்ணெய் அழுத்தம் அதற்குத் துணை செய்கிறது. பெட்டியிலிருந்து ‘டிராக் லிங்க்’ என்னும் இரும்புத் தண்டு ஒரு முன்சக்கரத்தைத் திருப்ப, ‘டை ராட்’ என்னும் மற்றொரு தண்டு அடுத்த சக்கரத்தையும் உடன் திருப்புகிறது. சக்கரங்கள் ‘கிங் பின்’ என்னும் தடித்த ஆணியைச் சுற்றித் திரும்புகின்றன. பெரும்பாலான லோரிகளில் இவ்வளவுதான். பிரேக் ஒரு பக்கம் பழுதானால் மறுபக்கம் ஓரளவு கைகொடுக்கும். இங்கோ டிராக் லிங்க் கழன்றால் மாற்று வழியே இல்லை. எனவேதான் சிறிய அறிகுறியையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

ஓட்டுநர்களின் புகார்களைப் பெரும்பாலும் நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஆட்டம். ஸ்டீரிங்கைத் திருப்பியும் சக்கரம் உடனே திரும்பாது. இதைச் சோதிக்க இருவர் வேண்டும். லோரி தரையில் நிற்க, இயந்திரம் ஓட, ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது அசைக்க வேண்டும். மற்றவர் ஒவ்வொரு மூட்டாகக் கவனிக்க வேண்டும். எந்த மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கிறதோ, அங்கேதான் தேய்மானம். எவ்வளவு ஆட்டம் ஆபத்தானது? பவர் ஸ்டீரிங் உள்ள லோரியில், 20 அங்குல ஸ்டீரிங்கின் விளிம்பில் ஐந்தேகால் அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அமெரிக்க விதி. அது கடைசி எல்லை. நல்ல லோரியில் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும்.

அடுத்து, முன் அச்சை ஜாக் போட்டுத் தூக்கிச் சக்கரத்தின் மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆடினால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பழுது சக்கர பேரிங்கில்; நிற்காவிட்டால் கிங் பின்னில்.

இரண்டாவது, இழுப்பு. லோரி ஒரு பக்கமாகவே போகும். ஆனால் இதற்குக் காரணம் பல வேளைகளில் ஸ்டீரிங்கே அன்று! நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். மழைநீர் வடிவதற்காகச் சாலை ஓரமாகச் சரிந்திருக்கும். அதனால் இடப்பக்கம் சற்று இழுப்பது இயல்பே. அதற்கு மேல் இழுத்தால், முதலில் இரு முன் டயர்களின் காற்றைச் சமமாக்க வேண்டும். பிறகு டயர்களை இடம் மாற்றிப் பார்க்கலாம். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக் இரு பக்கமும் சமமாகப் பிடிக்கவில்லை என்று பொருள். எப்போதும் இழுத்தால் ஸ்பிரிங் பட்டை உடைந்து அச்சு நகர்ந்திருக்கலாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

மூன்றாவது, கனம். இரு பக்கமும் கனமாக இருந்தால் முதலில் எண்ணெய் மட்டத்தையும் பிறகு பம்பையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கனமென்றால் கியர் பெட்டியின் உட்பகுதியைச் சந்தேகிக்கலாம். முன்சக்கரங்களைத் தூக்கிய பிறகும் கடினமாகத் திரும்பினால், கிரீஸ் காணாத கிங் பின் இறுகியிருக்கக்கூடும்.

நான்காவது, நடுக்கம். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீரிங் நடுங்கினால், பெரும்பாலும் சக்கரச் சமநிலையோ வட்டம் கெட்ட டயரோ காரணமாகும்.

இனி பாரத்துக்கு வருவோம். அளவுக்கு மீறிய பாரம் ஸ்பிரிங்கையும் மூட்டுகளையும் விரைவில் தேய்க்கிறது. பாரம் பின் அச்சுக்குப் பின்னால் குவிந்தால் முன்சக்கரங்கள் தரையை அழுத்தும் விசை குறைகிறது. அப்போது ஸ்டீரிங் நல்ல நிலையில் இருந்தாலும் லோரி சொன்னபடி கேட்காது. வெற்று லோரியாகப் பட்டறைக்கு வரும்போதோ எல்லாம் சரியாகத் தோன்றும். “உனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை” என்று ஓட்டுநரைத் திருப்பி அனுப்புவதும் இதனால்தான். பாரத்தோடு ஓட்டிப் பார்க்காமல் இழுப்பு இல்லை என்று சொல்வது சரியான பரிசோதனையாகாது.

பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களில் பலர் லோரி ஓட்டப் போனார்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலரின் அப்பாவோ மாமாவோ அண்ணனோ இன்றும் கல்லும் சிமெண்டும் ஏற்றிச் செல்பவராக இருக்கலாம். அவர்கள் குறையை வாயால் சொல்கிறார்கள். அது காற்றோடு போய்விடுகிறது. விபத்து நேர்ந்த பிறகு ‘முன்பே சொன்னேன்’ என்றால் யார் நம்புவார்?

படித்த நாம் இங்கே ஓர் உதவி செய்யலாம். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, ஏற்றிய பாரம், எந்த வேகத்தில், எந்தப் பக்கம், பிரேக் பிடித்தபோதா பிடிக்காதபோதா என்று எழுதி வைப்போம். அதில் ஒரு நகலை முதலாளியிடம் கொடுக்கச் சொல்வோம். அந்த ஒரு பக்கம் பட்டறைக்காரருக்குக் கோளாற்றின் இடத்தைக் காட்டும். ஓட்டுநருக்குச் சாட்சியாகவும் நிற்கும்.

வர்த்தக வாகனப் பரிசோதனை பொதுவாக ஆறு மாதத்திற்கு ஒருமுறைதான். ஓட்டுநரின் கையோ ஒவ்வொரு நாளும் ஸ்டீரிங்கைப் பரிசோதிக்கிறது. அந்தக் கை சொல்வதைக் கேட்போம்; எழுதியும் வைப்போம்.